எந்த ஸ்கேன் எதற்கு?

தோட்டத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் முதலில் தேடப்படுவது கீழ்க்காய்நெல்லிதான். வேலியோரத்தில் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று கிழமையில் மஞ்சள் இறங்கினால், "பாத்தீங்களா, நம்ம மருந்து கேட்டுருச்சு" என்பார்கள். பெரியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றுகின்ற ஈரல் அழற்சியில் வரும் மஞ்சள் பெரும்பாலும் தானாகவே சில கிழமைகளில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும்.

ஆனால் எல்லா மஞ்சளும் அந்த மஞ்சள் இல்லை. ஈரலில் ஊறுகின்ற பித்தநீர் ஒரு சிறிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு இறங்க வேண்டும். அந்தக் குழாய் சாதாரணமாக ஆறு மில்லிமீற்றர் அகலம்தான், ஒரு பென்சில் தடிப்புக்கும் குறைவு. அதற்குள் ஒரு கல் வந்து சிக்கினாலோ, பக்கத்தில் ஒரு கட்டி வளர்ந்து நெரித்தாலோ, பித்தநீர் போக வழியில்லாமல் இரத்தத்தில் கலக்கும். அப்போதும் கண் மஞ்சளாகும். பீலிக் குழாய் அடைத்தால் தண்ணீர் பின்னுக்கு நிரம்பி வழிகிற மாதிரிதான். இந்த மஞ்சளுக்கு எந்த இலையும் கேட்காது. அடைப்பை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் அடைப்பு எங்கே, எதனால் என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கேன்.

அடைப்பு மஞ்சளுக்குச் சில அடையாளங்கள் உண்டு. சிறுநீர் கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகும் (இது மற்ற மஞ்சளிலும் வரும்). மலம் வெளிறி, களிமண் நிறத்தில் போகும். உடம்பு முழுக்கச் சொறியும், இரவில் நித்திரை கொள்ள ஏலாத அளவுக்குச் சொறியும். இவற்றோடு வலது பக்க விலாவுக்குக் கீழே பிடித்திழுக்கும் வலி வந்து வந்து போனால் கல்லாக இருக்கலாம். வலியே இல்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறி, உடம்பும் மெலிந்துகொண்டு வந்தால் இன்னும் கவனம் தேவை. "நோவு இல்லைதானே" என்று இருந்துவிடக் கூடாது. சதையியில் வளரும் கட்டி பல பேருக்கு அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் ஓர் உறுப்பு. கணையம் என்றும் சொல்வார்கள். கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம் இருக்கும். சாப்பாட்டைச் சமிக்கச் செய்யும் நீரும், இரத்தத்தில் சீனியை அடக்கும் இன்சுலினும் அங்கிருந்துதான் வருகின்றன. பித்தக்குழாய் சதையியின் தலைப்பகுதியைத் துளைத்துக்கொண்டு போய், பெரும்பாலானவர்களுக்குச் சதையிக் குழாயோடு ஒன்றாகக் குடலில் திறக்கிறது. அதனால் ஒரு இடத்துத் தொல்லை மற்ற இடத்துக்குப் போய்விடும். பித்தப்பையில் இருந்து நழுவிய ஒரு சின்னக் கல் அந்த வாசலில் சிக்கினால் சதையியும் வீங்கிவிடும். அந்த வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். முன்னுக்குக் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும்.

பெரிய மெஷின் என்றால் நல்ல மெஷினா?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு மஞ்சள். கொட்டாஞ்சேனையில் கடையொன்றில் வேலை செய்யும் மகன் போனில் சொல்கிறான்: "அம்மாவ கொழும்புக்குக் கூட்டிட்டு வாங்கப்பா, வெள்ளவத்தையில பெரிய ஸ்கேனா எடுத்துருவோம். காசப் பாக்க வேணாம்." தோடு அடகுக்குப் போகிறது. சீ.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. பிறகு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இதில் தெளிவாக இல்லை, வேறொரு ஸ்கேன் வேண்டும்" என்கிறார். குடும்பமே நொந்துபோகிறது. மகன் செய்தது அன்பினால்தான். ஆனால் அந்தக் காசு போயிருக்கத் தேவையில்லை.

ஸ்கேன்கள் சின்னது, பெரியது என்று ஒரே வரிசையில் நிற்கின்றவை அல்ல. கவ்வாத்துக் கத்தியால் கொழுந்து எடுக்க ஏலாது அல்லவா? அந்த மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு. அதை விளங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுப்பது இதேதான். வயிற்றில் ஜெலி பூசி, கையில் அடங்கும் ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். அது காதுக்குக் கேளாத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கும். கதிர் கிடையாது, ஊசி கிடையாது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். பித்தப்பையில் கல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும். கல் வெள்ளையாகத் தெரியும், அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் விழும். குழாய் வீங்கியிருக்கிறதா என்பதையும் நன்றாகக் காட்டும். வீங்கியிருந்தால் கீழே எங்கோ அடைப்பு என்று அர்த்தம். ஆக, "இது ஈரல் மஞ்சளா, அடைப்பு மஞ்சளா?" என்ற முதல் கேள்விக்கு இந்தச் சின்ன மெஷினே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே எடுக்கலாம்.

இதன் குறை, காற்று. ஒலி காற்றைத் தாண்டாது. குடலில் வாயு நிறைந்திருந்தால் பித்தக்குழாயின் கீழ்ப்பகுதியும் சதையியும், பனிமூட்டத்தில் எதிர்மலை மறைந்த மாதிரி மறைந்துவிடும். உடம்பு பருத்தவர்களுக்கும் தெளிவு குறையும். எடுப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். கொக்ரேன் என்ற அமைப்பு 2015ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. பித்தக்குழாய்க்குள் கல் உள்ள 100 பேரை எடுத்தால் அல்ட்ராசவுண்ட் 73 பேரைத்தான் கண்டுபிடிக்கிறது. மிச்சம் 27 பேருக்கு "கல் இல்லை" என்று வந்துவிடும். எனவே ரிப்போர்ட் நல்லதாக வந்த பிறகும் மஞ்சளும் வலியும் போகவில்லை என்றால், "ஸ்கேன்ல ஒன்னும் இல்லன்னாங்க" என்று வீட்டில் இருக்க வேண்டாம். திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம் வெறும் வயிறு. பித்தப்பை சாப்பிட்டவுடன் சுருங்கிவிடும். சுருங்கிய பையில் கல்லைத் தேடுவது, கசக்கிய சாக்குக்குள் ஊசி தேடுவது மாதிரி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். விடியற்காலைப் பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். ஹட்டனில் இரவு பஸ் ஏறிக் காலையில் கொழும்பில் இறங்கி, "பசிக்குது" என்று ஒரு பணிஸும் டீயும் குடித்துவிட்டுப் போனால் அன்றைய பேரும் போய், திகதியும் தள்ளிப் போகும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு காலைக் குளிசை போடுவதா, ஊசி ஏற்றுவதா என்று முதல் நாளே கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சீ.டி. ஸ்கேன்

இது எக்ஸ்ரேயின் அண்ணன். வளையம் போன்ற மெஷினுக்குள் படுக்கவைத்து, சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, வயிற்றைப் பாண் துண்டு மாதிரி நறுக்கி நறுக்கிக் காட்டும். வாயு இதை மறைக்காது. சதையிக்கு இதுதான் கைகொடுக்கும். கட்டி எவ்வளவு பெரிது, பக்கத்து இரத்தக் குழாயைப் பிடித்துவிட்டதா, ஒப்பரேஷன் செய்ய ஏலுமா என்பதெல்லாம் சீ.டி. படத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். சதையி கடுமையாக வீங்கியவர்களுக்கு அதில் எவ்வளவு பகுதி செத்துவிட்டது என்றும் காட்டும். அதற்கு அவசரப்பட்டு முதல் நாளே எடுத்தால் சரியாகத் தெரியாது. மூன்று நாள் போக வேண்டும். "மூனு நாளா வார்டுல போட்டு வச்சிருக்காங்க, ஒரு ஸ்கேன்கூட எடுக்கல" என்று கோபப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

தோடு அடகுக்குப் போன அந்தக் குடும்பத்துக்கு நடந்ததற்கும் காரணம் உண்டு. பித்தக்கற்களில் ஒரு பங்கு கொழுப்பால் ஆனவை. அவற்றின் அடர்த்தியும் சுற்றியுள்ள பித்தநீரின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகையால் சீ.டி. படத்தில் கல் தண்ணீரோடு தண்ணீராக மறைந்துவிடலாம். காசு கூடிய மெஷின் காணாததைக் குறைந்த மெஷின் கண்டுவிடும்!

சீ.டி.யில் கையில் ஊசி ஏற்றி ஒரு மருந்து விடுவார்கள். அயடின் கலந்தது. உடம்பு முழுக்கச் சூடேறுகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், முன்பு இப்படி ஊசி போட்டு உடம்பு தடித்தவர்கள், மூச்சிழுப்பு உள்ளவர்கள், மெட்போமின் குளிசை குடிப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீரகம் எப்படி என்று இரத்தம் சோதித்த பிறகுதான் ஊசி போடுவார்கள். கதிரும் உண்டு. ஒரு தரம் வயிற்றைச் சீ.டி. எடுத்தால், மண்ணிலும் காற்றிலும் இருந்து நமக்கு இரண்டு மூன்று வருடத்தில் கிடைக்கும் அளவு ஒரே தடவையில் கிடைக்கிறது. தேவைக்கு எடுத்தால் அதனால் வரும் நன்மைதான் பெரிது. சும்மா மனத்திருப்திக்கு எடுக்கக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எம்.ஆர்.சீ.பி.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எம்.ஆர்.ஐ. மெஷினில் பித்தக்குழாயையும் சதையிக் குழாயையும் மட்டும் தனியாக எடுத்துக் காட்டும் முறைதான் இது. காந்தத்தால் வேலை செய்கிறது, கதிர் இல்லை. ஓடாமல் நிற்கும் நீரை மட்டும் வெள்ளையாகக் காட்டி மற்றதையெல்லாம் கறுப்பாக்கிவிடும். பித்தநீர் அப்படி நிற்கும் நீர்தானே! ஆகவே ஈரலுக்குள் இருக்கும் கிளைக் குழாய்கள் தொடங்கிக் குடல் வாசல் வரைக்கும், இலையுதிர்ந்த மரத்தைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி முழுக்கத் தெரியும். நடுவில் கல் இருந்தால் அந்த வெள்ளையில் ஒரு கறுப்புப் பொட்டு. இந்தப் படத்துக்குப் பொதுவாக மருந்து ஊசிகூடத் தேவையில்லை. அதே 2015ஆம் ஆண்டுக் கணக்கில், குழாயில் கல் உள்ள 100 பேரில் இது 93 பேரைக் கண்டுபிடித்தது.

இது வருவதற்கு முன் என்ன செய்தார்கள்? வாய் வழியாக ஒரு கமராக் குழாயை இறக்கி, குடலில் உள்ள அந்தச் சின்ன வாசலுக்குள் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈ.ஆர்.சீ.பி. என்று பெயர். 1968ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. நல்ல படம் கிடைத்தது. ஆனால் செய்துகொண்ட 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு அதனாலேயே சதையி வீங்கியது. சிலர் இறந்தும் போனார்கள். வெறுமனே பார்ப்பதற்கே இந்த ஆபத்து! 1991ஆம் ஆண்டில் ஜெர்மனியில் சிலர் எம்.ஆர்.ஐ. மெஷினால் இந்தக் குழாய்களைப் படமெடுக்கலாம் என்று காட்டியதிலிருந்து நிலைமை மாறியது. இன்றைக்குப் பார்ப்பதற்கு எம்.ஆர்.சீ.பி., கல்லை எடுப்பதற்கும் அடைப்பில் குழாய் வைப்பதற்கும் ஈ.ஆர்.சீ.பி. என்று பிரித்திருக்கிறார்கள். ஆகவே டாக்டர் ஈ.ஆர்.சீ.பி. செய்யச் சொன்னால் அது ஸ்கேன் அல்ல, ஒருவகை வைத்தியம். "பார்க்கவா, எடுக்கவா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. காய்ச்சலோடு குழாயில் கல் சிக்கியவருக்கு ஈ.ஆர்.சீ.பி. உயிரைக் காப்பாற்றும் வேலை. அந்த நேரத்தில் பின்வாங்கக் கூடாது.

எம்.ஆர்.சீ.பி.க்குப் போகிறவர்கள் தயாராக வேண்டிய விதம் வேறு. நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு வேண்டும். சில இடங்களில் அன்னாசிச் சாறு குடிக்கத் தருவார்கள். ஏதோ உபசாரம் என்று நினைக்க வேண்டாம். அன்னாசியில் உள்ள மங்கனீசு இரைப்பையில் கிடக்கும் தண்ணீரைப் படத்தில் கறுப்பாக்கி, குழாயை எடுப்பாகக் காட்டும்.

காந்தம் என்பதால் உலோகம் ஒன்றும் உள்ளே போகக் கூடாது. நம் பெண்களுக்கு இங்கேதான் கஷ்டம். தாலியைக் கழற்றச் சொல்வார்கள். பொன்னைக் காந்தம் இழுக்காது என்றாலும், தாலிக்கொடியில் கோர்த்து வைத்திருக்கும் ஊசிகள் இரும்பு. அவை கட்டாயம் எடுபட வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் வீட்டிலேயே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு, மனநிம்மதியோடு போகலாம். வருடக்கணக்காகக் கழற்றாத மூக்குத்தியை முதல் நாள் எண்ணெய் விட்டுத் தளர்த்தி வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலையில் கிளிப் போட்டவர்கள், யுத்த காலத்தில் ஷெல் துண்டு உடம்பில் தங்கியவர்கள், பெக்டரியில் இரும்பு ராவும்போது கண்ணில் தூள் பட்டவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. கண்ணில் இருக்கும் இரும்புத் தூளைக் காந்தம் அசைத்தால் பார்வையே போகலாம்.

உள்ளே இருபது முதல் நாற்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். தகரத்தில் சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும். காதுக்கு மூடி தருவார்கள். கையில் ஒரு பந்து தருவார்கள், ஏலாவிட்டால் அழுத்தலாம். இடையிடையே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் அது சிங்களத்தில்தான் வரும். "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழுங்கள், "அல்லகன்ன" என்றால் பிடித்துக்கொள்ளுங்கள், "அரின்ன" என்றால் விடுங்கள். வயதான அம்மாமாருக்கு இந்த மூன்று சொல்லையும் வீட்டில் சொல்லிக்கொடுத்து, பதினைந்து இருபது எண்ணும் வரை மூச்சைப் பிடித்துப் பழக்கி அனுப்புங்கள். மூச்சு தவறினால் படம் கலங்கிவிடும்.

இன்னொரு முறையும் உண்டு. கமராக் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, இரைப்பைக்குள் இருந்தபடியே பக்கத்தில் உள்ள சதையியைப் பார்ப்பது. மிகச் சின்னக் கட்டிக்கும் மிகச் சின்னக் கல்லுக்கும் இதுதான் கெட்டிக்காரன். 100க்கு 95. ஆனால் குழாய் விழுங்க வேண்டும், மயக்க மருந்து வேண்டும். எடுக்கும் இடங்களும் குறைவு. மற்ற ஸ்கேன்களில் சந்தேகம் தீராதபோது டாக்டரே எழுதுவார்.

பூச்சியும் கல்லும்

நாக்குப் பூச்சி குடலில்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். அது ஊர்ந்து பித்தக்குழாய்க்குள்ளும் புகும். இந்தியாவின் காஷ்மீரில் டாக்டர் குரூவும் அவரது குழுவினரும் இப்படிப் பித்தக்குழாய்க்கும் சதையிக்கும் பூச்சி புகுந்த 500 நோயாளரைப் பற்றி 1990ஆம் ஆண்டில் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். அல்ட்ராசவுண்டில் அது நீண்ட கோடாகத் தெரியும், சிலவேளை அசைவதும் தெரியும். அந்த விஷயத்தில் சின்ன மெஷினே போதும். நம் தோட்டங்களில் முன்பு பூச்சித் தொல்லை மிக அதிகமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் நாளைத் தட்டிக்கழிக்காதீர்கள் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சதையிக்குள்ளும் கல் உண்டாகும். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். குடிப்பழக்கமே இல்லாத இளவயதுக்காரருக்கு அடிக்கடி வயிற்று வலி, பிறகு எண்ணெய் மிதக்கும் மலம், பிறகு சீனி வருத்தம் என்று வரும் ஒரு நோய். தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. இந்தக் கற்கள் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை என்பதால் பித்தக்கல் போல ஒளியாது. சீ.டி.யில் பளிச்சென்று தெரியும், பலருக்குச் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். வருடக்கணக்கில் கசிப்பும் சாராயமும் குடித்தவர்களின் சதையியும் இப்படியே கெட்டுச் சுண்ணாம்பு பிடிக்கும். சுருட்டும் சிகரெட்டும் அதை இன்னும் வேகப்படுத்தும். வலிக்குக் கஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லி டிஸ்பென்சரியில் குளிசை மட்டும் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும் ஆம்பளைகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். டாக்டர் "குடிக்கிறீங்களா?" என்று கேட்கும்போது மனைவிக்குப் பயந்து இல்லை என்று சொன்னால் தேட வேண்டிய இடத்தில் தேடாமல் போய்விடுவார். வீட்டுக்காரியை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டாவது உண்மையைச் சொல்லுங்கள்.

பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் போய்விடும். பதினான்கு நாள் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலமும் வெள்ளையாகப் போனால், "வெயில்ல காட்டு, சரியாயிரும்" என்று இருக்கக் கூடாது. சில குழந்தைகளுக்குப் பித்தக்குழாயே சரியாக உருவாகியிருக்காது. அல்ட்ராசவுண்ட், இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் மருந்து செலுத்திப் பித்தம் குடலுக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் இன்னொரு ஸ்கேன் எல்லாம் செய்து, பிறந்து அறுபது நாளுக்குள் ஒப்பரேஷன் செய்தால்தான் பலன் அதிகம். ஒவ்வொரு கிழமையும் எண்ண வேண்டியது. மருத்துவிச்சியிடம் மலம் பட்ட துணியையே கொண்டுபோய்க் காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொழும்புக்குப் போக வேண்டி வந்தால்

போக வேண்டி வரலாம். தேசிய வைத்தியசாலை, நம் ஆட்கள் பெரியாஸ்பத்திரி என்பது, 1864ஆம் ஆண்டு தொடங்கியது. மருதானைக்கும் பொரளைக்கும் இடையில் இருக்கிறது. ராகம போதனா வைத்தியசாலையில் ஈரல், பித்தக்குழாய், சதையி ஒப்பரேஷனுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. குழந்தைகளுக்குப் பொரளையில் ரிஜ்வே ஆஸ்பத்திரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஸ்கேன்களுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் வரிசை உண்டு, எம்.ஆர்.ஐ.க்கு வரிசை நீளம். அவசரத்தைப் பார்த்துத் திகதி கொடுப்பார்கள். அதனால் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டரின் கடிதம் முக்கியம். கடிதமும், முதல் எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டும், இரத்த ரிப்போர்ட்டும், கிளினிக் புத்தகமும் இல்லாமல் போனால் எல்லாம் திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்கும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கடைகளிலும் வீடுகளிலும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இந்த எழுத்து. ஊரிலிருந்து வருகிறவரை உடனே காலி வீதியில் ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். தனியாரில் எடுப்பது தப்பில்லை. வரிசை நீளம், டாக்டரும் அவசரம் என்கிறார், கையிலும் காசு இருக்கிறது என்றால் எடுக்கலாம். ஆனால் எந்த ஸ்கேன் என்று டாக்டர் எழுதிய துண்டு கையில் இருக்க வேண்டும். "வயிறு முழுக்க எடுங்க" என்று நீங்களாகச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ரிப்போர்ட்டோடு பிலிமையோ இறுவட்டையோ கட்டாயம் வாங்குங்கள். ஒப்பரேஷன் செய்யும் டாக்டர் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, படத்தையே பார்ப்பார்.

ஒன்றுக்கு மட்டும் கொழும்பும் வேண்டாம், ஸ்கேன் திகதியும் பார்க்க வேண்டாம். மஞ்சள், வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அடைபட்ட பித்தத்தில் கிருமி பெருகுகிறது என்று அர்த்தம். சில மணித்தியாலத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். இரவு பதினொரு மணியானாலும் தோட்டத்து லொறியிலோ த்ரீவீலிலோ ஏற்றிப் பக்கத்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் சேருங்கள். ஊசி மருந்து முதலில், படம் பிறகு. ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் கொழும்பில் சேர்ப்பது அன்பு இல்லை. அனுப்ப வேண்டுமானால் அம்புலன்ஸில் அவர்களே அனுப்புவார்கள்.

எடுத்த பிலிம்களை லயத்தில் அடுப்படிப் பரணில் சொருகி வைக்க வேண்டாம், புகையும் ஈரமும் பட்டு ஒட்டிக்கொள்ளும். ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, பிறப்புச் சான்றிதழ்களோடு ட்ரங்குப் பெட்டியில் வையுங்கள். அடுத்த தடவை குழாய் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று டாக்டர் பழைய படத்தைத்தான் கேட்பார்.